ஓர் ஆங்கில வினைச்சொல்லை வேர்வரை படிப்பது எப்படி: 'ரன்' வைத்து முழு வழிகாட்டி

திருப்பாதிரிப்புலியூரில் மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்களிடம் 'ரன்' என்றால் என்ன என்று கேட்டால் 'ஓடு' என்று சட்டென்று பதில் வரும். அதே ஆட்களிடம் ஆங்கிலப் பேப்பரைக் கொடுத்தால், 'ரன்' வருகிற இடத்தில் தடுக்கி நிற்பார்கள். நீதிமன்றச் செய்தியில் அந்தச் சொல் இருக்கும், ஆஸ்பத்திரிக் குறிப்பில் இருக்கும், பழைய பைக் விற்பனை விளம்பரத்திலும் இருக்கும். எதிலும் யாரும் ஓடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட ஒரு வினைச்சொல்லை முழுதாகப் பிடிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் வாக்கியம், அடுத்து தமிழ், அதற்கப்புறம் அகராதி, கடைசியில் சொல்லின் பிறப்பு. புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அகராதியில் உள்ள பொருள்களை ஒன்றிலிருந்து இருபது வரை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள், அடுத்த வாரம் நாலு கூட நினைவில் இருப்பதில்லை.

1. கையில் என்ன இருக்க வேண்டும்

கோடு போடாத நோட்டு ஒன்று. ஒரு சொல்லுக்கு நாலு பக்கம் ஒதுக்குங்கள். கோடு போட்ட நோட்டில் பட்டியல்தான் எழுத வரும், இங்கே வாக்கியங்களை இடம் மாற்றிக் கூட்டம் கூட்டமாக எழுத வேண்டியிருக்கும்.

ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் பொருள் சொல்லும் மாணவர் அகராதி ஒன்று. பொருளுக்குப் பக்கத்தில் எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாங்க வசதி இல்லாவிட்டால் கடலூரில் இருப்பவர்கள் மாவட்ட மைய நூலகத்துக்கும் புதுச்சேரியில் இருப்பவர்கள் ரொமேன் ரோலன் நூலகத்துக்கும் போகலாம். சொற்பிறப்புக்குத் தனி அகராதி வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதே போதும்.

ஆங்கிலம்–தமிழ் அகராதி இப்போதைக்கு வேண்டாம். அது முதல் பார்வையிலேயே ஒரு தமிழ்ச் சொல்லைக் கையில் கொடுத்துவிடும். அப்புறம் எல்லா இடத்திலும் அதையே ஒட்டப் பார்ப்போம்.

2. எந்தச் சொல்லை முதலில் எடுப்பது

ஓரசை வினைச்சொல்லாக எடுங்கள். 'இன்வெஸ்டிகேட்' மாதிரி நீளமானதற்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு பொருள்தான். ரன், டேக், கெட், டர்ன் போன்றவைதான் நூறு வேலை செய்கின்றன.

முதல் முயற்சிக்கு 'ரன்' நல்லது என்பது என் கருத்து. நம் 'ஓடு'வும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வேலை செய்கிற சொல். ஃபேன் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, 'ஏதோ வண்டி ஓடுது' என்கிறோம். ஒரு சொல் பல திசையில் கிளை விடுவது எப்படி என்பது தமிழ் பேசுகிறவருக்கு ஏற்கெனவே தெரியும். அந்த அறிவை வைத்தே தொடங்கலாம்.

3. அகராதியைத் திறக்காமல் வாக்கியம் சேர்ப்பது

முப்பது வாக்கியமாவது சேரும்வரை அகராதியைத் தொடாதீர்கள். காதில் விழுந்தது, பேப்பரில் வந்தது, போர்டில் எழுதியிருந்தது எல்லாம் வரலாம். பொருள் புரியாதவையும் வரலாம். புரிந்ததை மட்டும் எழுதினால் ஏற்கெனவே தெரிந்த பொருள்தான் திரும்பத் திரும்பச் சேரும்.

எங்கே தேடுவது? நெய்வேலியில் வேலை பார்க்கும் உறவினர் 'யூனிட் ரன்னிங்' என்பார். மாடுலர் கிச்சன் போடும் தச்சர் 'ரன்னிங் ஃபீட்' கணக்கில் கூலி சொல்வார். பைக் விற்கிறவர் 'நல்ல ரன்னிங் கண்டிஷன்' என்று போடுவார். கிரிக்கெட்டில் ரன், ரன் அவுட். கல்லூரியில் 'ரன்னிங் நோட்ஸ்'. ஆங்கிலப் பேப்பரில் தண்டனை விதித்த செய்தி வந்தால் 'த சென்டன்சஸ் வில் ரன் கன்கரன்ட்லி' என்று இருக்கும். அதைத்தான் தமிழ்ப் பேப்பர் 'தண்டனைகளை ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்று போடும்.

இதில் ஒரு கவனம் தேவை. தமிழ்ப் பேச்சுக்குள் வந்துவிட்ட 'ரன்னிங்'கையும் ஆங்கில வாக்கியத்தில் வரும் 'ரன்'னையும் ஒரே பக்கத்தில் எழுதாதீர்கள். நம் ஊர் 'ரன்னிங் நோட்ஸ்' வெளிநாட்டு ஆங்கிலக்காரருக்கு உடனே புரியாமல் போகலாம். பக்கம் பிரித்து வைத்தால் எதை நேர்முகத் தேர்வில் நம்பிச் சொல்லலாம், எதை வேண்டாம் என்பது தெரியும்.

4. எது ஓடுகிறது, யார் ஓட்டுகிறார்

ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைக்கு முன்னால் நிற்பதற்கு ஒரு கோடு, பின்னால் செயப்படுபொருள் இருந்தால் அதற்கு இரண்டு கோடு போடுங்கள். பெரும்பாலானோர் தாவிச் செல்லும் படி இது. பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது என்பேன்.

தமிழில் 'ஓடு' தன்வினை, 'ஓட்டு' பிறவினை. உருவமே வேறு என்பதால் குழப்பம் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரன்' ஒன்றுதான். 'த மோட்டார் ரன்ஸ்' என்றால் மோட்டார் ஓடுகிறது. 'ஹி ரன்ஸ் த மோட்டார்' என்றால் அவர் அதை ஓட்டுகிறார். செயப்படுபொருள் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

இதைத் தெரிந்துகொண்டதும் அடுத்த பிழை வரும். 'ஓட்டு' என்று தமிழில் சொல்லும் எல்லாவற்றுக்கும் 'ரன்' போட்டுவிடுவார்கள். கடலூர்–புதுச்சேரி தடத்தில் பஸ் ஓட்டுகிறவரின் மகன் 'மை ஃபாதர் ரன்ஸ் எ பஸ்' என்று நேர்முகத் தேர்வில் சொன்னால், கேட்கிறவர் அப்பாவை பஸ் முதலாளி என்று எடுத்துக்கொள்வார். வண்டியைச் செலுத்துவது 'டிரைவ்'. வண்டியைத் தடத்தில் விட்டுத் தொழில் செய்வதுதான் 'ரன்'. ஆட்டோவுக்கும் இதே கதைதான்.

5. பக்கத்தில் தமிழை எழுதுவது

இப்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேரே, வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே தமிழில் எழுதுங்கள். 'ஓடு' வந்தே தீர வேண்டும் என்று இல்லை. வராத இடங்களில்தான் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

'த கெடிலம் ரன்ஸ் த்ரூ கடலூர்': கெடிலம் கடலூர் வழியாக ஓடுகிறது. இதில் சிக்கல் இல்லை. 'த ரோடு ரன்ஸ் அலாங் த கோஸ்ட்': ஈ.சி.ஆர். ரோடு கடலை ஒட்டிப் போகிறது. ஆற்றை ஓட விடுகிற தமிழ், ரோட்டை ஓட விடுவதில்லை. 'ஹிஸ் நோஸ் இஸ் ரன்னிங்': மூக்கு ஒழுகுகிறது. 'த கலர் ரேன்': சாயம் போய்விட்டது. 'ஷி இஸ் ரன்னிங் எ ஃபீவர்': காய்ச்சல் அடிக்கிறது.

'ஷி ரன்ஸ் எ டீ ஷாப்' என்பதற்கு டீக்கடை நடத்துகிறார் என்போம். 'ஓடு'வை விட்டுவிட்டு 'நட'வின் பிறவினையை எடுத்துக்கொள்கிறோம். ஆங்கிலம் ஓட்டுகிற கடையைத் தமிழ் நடத்துகிறது. 'ஷி ரன்ஸ் எ சிட்' வந்தால் நடத்தலும் வேண்டாம், சீட்டுப் பிடிக்கிறார் என்பதுதான் நம் பேச்சு.

தேர்தல் இன்னும் சுவாரசியம். 'ஹி இஸ் ரன்னிங் ஃபார் ப்ரெசிடென்ட்' என்பது அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய வழக்கு. பிரிட்டிஷ்காரர்கள் தேர்தலுக்கு 'ஸ்டாண்ட்' என்பார்கள். நாமும் 'தேர்தலில் நிற்கிறார்' என்றுதான் சொல்கிறோம். ஒரே தேர்தலில் ஒருவர் ஓடுகிறார், இன்னொருவர் நிற்கிறார், இரண்டும் ஒரே வேலை. இந்த வரியை நோட்டில் எழுதியவர்கள் அந்தப் பொருளை மறந்து நான் பார்த்ததில்லை.

இந்தப் படியில் வரும் பிழை, தமிழை ஆங்கிலத்துக்கு வளைப்பது. 'வி ரேன் அவுட் ஆஃப் மில்க்' என்பதற்கு 'பால் வெளியே ஓடிவிட்டது' என்று எழுதிக் காட்டியவர்கள் உண்டு. பால் தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் அப்படிச் சொன்னால் யாராவது சிரிப்பார்கள் என்று தோன்றினால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

6. கூட்டம் கூட்டமாகப் பிரிப்பது

தமிழ் எழுதி முடித்ததும் வாக்கியங்களைக் கூட்டமாகப் பிரியுங்கள். 'ரன்'னுக்குப் பொதுவாக நாலு கூட்டம் தேறும். காலால் ஓடுவது. நீர்ப்பொருள் பாய்வது: ஆறு, மூக்கு, சாயம் எல்லாம் இதில். நிற்காமல் தொடர்வது: மோட்டார், படம், ரோடு, சிறைத் தண்டனை. ஒன்றை இயங்க வைப்பது: கடை, பஸ் கம்பெனி, கம்ப்யூட்டர் புரோகிராம்.

எதிலும் சேராமல் மூன்று நாலு வாக்கியம் மிஞ்சும். அவற்றை வலுக்கட்டாயமாகத் திணிக்காதீர்கள். தனியாக ஒரு மூலையில் இருக்கட்டும்.

7. இப்போது அகராதி

அகராதியைத் திறந்து, உங்கள் கூட்டங்களில் இல்லாத பொருள் எது இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய ஆங்கில அகராதியில் 'ரன்' வினைக்கு மட்டும் 600க்கு மேல் பொருள் பிரித்திருக்கிறார்கள். அத்தனையையும் யாரும் படிப்பதில்லை. மாணவர் அகராதியில் இருப்பதே போதும்.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அகராதியில் முதலாவதாக வரும் பொருள்தான் பழைய பொருள் என்று நினைத்துவிடுகிறார்கள். மாணவர் அகராதிகள் பொதுவாக அதிகம் புழங்கும் பொருளை முதலில் வைக்கும். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதியும் மெரியம் வெப்ஸ்டரின் கல்லூரி அகராதியும் கால வரிசையில் வைக்கும். எந்த வரிசை என்பது அகராதியின் முன்பக்கக் குறிப்பில் இருக்கும். அதைப் படித்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள், இல்லாவிட்டால் பிறப்பைப் பற்றித் தப்பான முடிவோடு வருவீர்கள்.

8. பிறப்பைப் பார்ப்பது

இதைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம், பிறப்பு என்பது நீங்கள் பிரித்த கூட்டங்களைச் சரிபார்க்கும் கருவி. முதலிலேயே படித்தால் வெறும் கதையாக நின்றுவிடும்.

பழைய ஆங்கிலத்தில் 'ரின்னன்' என்று ஒரு வினை இருந்தது. அது அதிகம் புழங்கிய வடிவம் 'இர்னன்'. ரகரமும் உயிரும் இடம் மாறிவிட்டன. நம் பேச்சில் மதுரை மருதை ஆவது போலத்தான். ஆங்கிலத்தில் இது சகஜம், 'பேர்ட்' கூட ஒரு காலத்தில் 'பிரிட்'. இந்த வினைக்கு ஓடு, பாய் என்ற இரண்டு பொருளும் அப்போதே இருந்தன. ஜெர்மனில் இதன் உடன்பிறப்பான 'ரின்னன்' இன்றும் நீர் வழிவதைத்தான் குறிக்கிறது. ஆக, உங்கள் இரண்டாவது கூட்டம், ஆறும் மூக்கும், பிற்காலத்து உவமை கிடையாது. அதுவும் ஆதியிலிருந்தே உண்டு.

அப்புறம் 'அர்னன்' என்று இன்னொரு வினை தனியாக இருந்தது. குதிரையை ஓட்டு, ஓடச் செய் என்ற பக்கம் அது. நம் ஓடு–ஓட்டு மாதிரி ஒரு ஜோடி. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே சொல்லாகிவிட்டன, ஸ்காண்டிநேவியாவில் அந்தக் காலத்தில் பேசிய பழைய நார்ஸ் மொழியின் உறவுச் சொற்களும் அதற்குக் கைகொடுத்தன. நாலாவது படியில் செயப்படுபொருளுக்கு இரண்டு கோடு போடச் சொன்னதற்குப் பின்னால் இருக்கும் கதை இதுதான். ஆங்கிலம் அந்த வேறுபாட்டை உருவத்தில் தொலைத்துவிட்டது, அதனால் நாம் வாக்கியத்தில் தேடுகிறோம்.

சொற்பிறப்பு அகராதியைப் படிக்கும்போது இரண்டு குறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அது ஏட்டில் கிடைத்த சொல் இல்லை, உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்த வடிவம். ஆண்டு போட்டிருந்தால் அது எழுத்தில் முதலில் கிடைத்த ஆண்டு. வாய்ப்பேச்சில் அதற்கு எவ்வளவோ முன்பே இருந்திருக்கலாம்.

இனி, வழுக்குகிற இடம்: ஒலி ஒன்றாக இருந்தால் பிறப்பும் ஒன்று என்று நினைப்பது. 'ஓடு'விலிருந்துதான் 'ரோடு' வந்தது என்று அடித்துச் சொல்கிறவர்கள் எல்லா வகுப்பிலும் ஒருவராவது இருப்பார். 'ரோடு'வின் பழைய வடிவம் 'ராட்', சவாரி என்று பொருள். 'ரைட்' என்ற வினையின் உறவு அது. கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போனது உண்மை, அதற்கு எழுத்துச் சான்று வரிசையாக இருக்கிறது. ஒலி மட்டும் இருந்து சான்று இல்லாவிட்டால் நோட்டில் ஏற்றாதீர்கள்.

பொருள் ஒன்றாக இருப்பதும் போதாது. புதுச்சேரியில் பள்ளியிலேயே பிரெஞ்சு படித்தவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். 'கூரிர்' என்றால் ஓடு என்பது அவர்களுக்குத் தெரியும், அதை 'ரன்'னோடு முடிச்சுப் போடுவார்கள். 'கூரிர்' வந்தது லத்தீனின் 'குர்ரெரே'யிலிருந்து. கரண்ட், கோர்ஸ், கூரியர் எல்லாம் அந்தக் குடும்பம். 'ரன்' வேறு குடும்பம். நீதிமன்றச் செய்தியை மறுபடி பாருங்கள்: 'ரன் கன்கரன்ட்லி'. 'கன்கரன்ட்' என்பதற்கு லத்தீனில் 'கூட ஓடுகிற' என்று பொருள். வேறு வேறு குடும்பத்து ஓட்டங்கள் இரண்டும் ஒரே தண்டனையில் சேர்ந்திருக்கின்றன.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒலியிலும் பொருளிலும் ஒட்டாத சொல் உறவாக இருக்கும். 'ரன்'னுக்கு அறிஞர்கள் மீட்டெடுத்த ஆதிவேர் 'ரெய்', ஓடு அல்லது பாய் என்று பொருள். லத்தீனில் ஓடையைக் குறிக்கும் 'ரீவுஸ்' அதே வேர் என்று கொள்கிறார்கள். அதிலிருந்து வந்தது போட்டியாளரைக் குறிக்கும் 'ரைவல்', முதலில் அது ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கிற பக்கத்து நிலக்காரன். தென்பெண்ணைப் பாசனத்தில் முறைத்தண்ணீர் வைத்து வாய்க்கால் சண்டை பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. அப்படியானால் 'ரிவர்'? அது இந்தக் குடும்பம் இல்லை. கரையைக் குறிக்கும் 'ரீபா'விலிருந்து வந்தது. 'அரைவ்' கூட அந்தக் கரையிலிருந்துதான், கரை சேர்வது என்பதே முதல் பொருள். 'ரன்'னையும் 'ரிவர்'ரையும் இணைத்து எழுதியிருந்தால் இப்போது அடித்துவிடுங்கள்.

9. ரன், ரேன், ரன்

இறந்தகாலத்தில் 'ரன்டு' என்றும், 'ஹேவ்' வந்தால் 'ஹேவ் ரேன்' என்றும் சொல்வது அடிக்கடி கேட்கும் பிழை. பிறப்பைப் படித்துவிட்ட உங்களுக்கு இதைத் திருத்துவது சுலபம். பழைய வரிசை ரின்–ரேன்–ரன். 'ஸிங், ஸேங், ஸங்' போடும் அதே தாளம். பிற்காலத்தில் நிகழ்காலத்து 'ரின்' மட்டும் மூன்றாவதைப் பார்த்து 'ரன்' ஆகிவிட்டது. முதலாவதும் மூன்றாவதும் ஒன்றாக இருப்பதன் காரணம் அதுதான். 'ஐ ஹேவ் ரன்' என்று பத்து வாக்கியம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

10. ஒட்டு வரும் இடங்கள்

ரன் அவுட் ஆஃப், ரன் இன்டு, ரன் ஓவர் போன்றவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். இவற்றைப் பிரித்துப் பொருள் பார்க்கக் கூடாது. 'ஐ ரேன் இன்டு ஹிம்' என்றால் எதேச்சையாக அவரைப் பார்த்தேன். 'த லாரி ரேன் ஓவர் எ டாக்' என்றால் நாய்மேல் லாரி ஏறிவிட்டது. சிலவற்றுக்கு இரண்டு பொருள் இருக்கும், சூழல்தான் சொல்லும். 'ஐ ரேன் இன்டு எ ட்ரீ' என்றால் மரத்தைச் சந்திக்கவில்லை, மோதிவிட்டேன்.

வாரத்துக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டில், தெருவில், வேலையில் நடந்ததை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். அகராதி வாக்கியத்தைப் பார்த்து எழுதினால் இது பலிக்காது.

11. அடுத்த சொல்லுக்குப் போகும்போது

இரண்டாவதாக 'டேக்' எடுங்கள். நார்ஸ் மொழியிலிருந்து வந்து, பழைய ஆங்கிலத்தின் 'நிமன்' என்ற சொல்லைத் துரத்திவிட்டு உட்கார்ந்துகொண்ட சொல் அது. துரத்தப்பட்ட சொல்லின் மிச்சம் 'நம்', அதாவது மரத்துப்போன, என்ற சொல்லில் இன்னும் இருக்கிறது. தமிழ்ப் பக்கத்தில் எடு, பிடி, கொள், வாங்கு என்று நன்றாகவே பிரியும்.

'செட்'டைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். வினையாக வரும் 'செட்' பழைய ஆங்கிலச் சொல். தொகுப்பு என்ற பொருளில் பெயராக வரும் 'செட்' வேறு வழியில், பழைய பிரெஞ்சு மூலம் லத்தீன் 'செக்தா'விலிருந்து வந்து இதோடு கலந்துவிட்டது. எட்டாவது படியில் இரண்டையும் பிரித்தெடுக்க நாலைந்து சொற்களைச் செய்து பார்த்த பழக்கம் வேண்டும்.